ஒரு எம்.எல்.ஏ. எங்கே எழுகிறார், எங்கே விழுகிறார்

எடப்பாடி கே. பழனிசாமியின் தேர்தல் கணக்கை வரிசையாக எழுதிப் பாருங்கள். 1989, 1991 இரண்டிலும் எடப்பாடியில் வெற்றி. 1996இல் அதே தொகுதியில் தோல்வி. 1998இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவை. அதன் பிறகு 1999, 2004 மக்களவைத் தேர்தல்களிலும் 2006 சட்டமன்றத் தேர்தலிலும் தொடர்ந்து மூன்று தோல்வி. 2011இல் மறுபடி எடப்பாடி, கையோடு அமைச்சர் பதவி. 2017 பிப்ரவரியில் முதல்வர். வாக்காளர்கள் நான்கு முறை வேண்டாம் என்று சொன்ன ஒருவருக்குக் கட்சி திரும்பத் திரும்ப சீட் கொடுத்துக்கொண்டே இருந்தது. இதற்கு நேர்மாறாக, தொகுதியில் நல்ல பெயர் எடுத்தும் அடுத்த பட்டியலில் பெயர் இல்லாமல் ஒரே தவணையோடு மறைந்தவர்கள் ஒவ்வொரு பேரவையிலும் உண்டு.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் போடும் ஓட்டுதான் எம்.எல்.ஏ.வின் எதிர்காலத்தை எழுதுகிறது என்பது பாதி உண்மை. மீதியை எழுதுவது கட்சித் தலைமையின் கையெழுத்தும், தேர்தல் சட்டம் கேட்கும் சில காகிதங்களும். தமிழ்நாட்டு சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அரசியல் வாழ்க்கை எந்தெந்த இடத்தில் உடையக்கூடியது என்பதை அந்தக் கோணத்தில் பார்த்தால்தான் புரியும்.

சீட் வரைக்கும்

மொத்தத் தொகுதிகள் 234. அவற்றில் 44 பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. ஆங்கிலோ இந்தியருக்கான நியமன இடம் 2020 ஜனவரியோடு போய்விட்டது. மேலவை 1986 நவம்பர் 1இல் கலைக்கப்பட்டதால், தோற்றவரைச் சட்டமன்ற வளாகத்துக்குள் வைத்திருக்கப் பின்வாசல் எதுவும் இல்லை.

வழக்கமான ஏணி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கிளைச் செயலாளர், ஒன்றியம் அல்லது நகரம், பிறகு மாவட்டப் பொறுப்பு; இன்னொரு பக்கம் வார்டு உறுப்பினர், ஒன்றியக் குழுத் தலைவர் அல்லது நகராட்சித் தலைவர். ஓ. பன்னீர்செல்வம் 1996இல் பெரியகுளம் நகராட்சித் தலைவர், 2001இல் அதே ஊரின் எம்.எல்.ஏ. இந்த ஏணியில் ஒரு படியே நடுவில் காணாமல் போனதைப் பலர் கவனிப்பதில்லை. 2016இல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரிலும், புதிதாகப் பிரிக்கப்பட்டவை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரப் பகுதிகளுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் நடந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறைக்கு ஊரில் தன்னை நிரூபித்துக் காட்டப் பதவியே கிடைக்கவில்லை. மாவட்டச் செயலாளரின் தயவு மட்டுமே மிஞ்சியது.

விருப்ப மனு என்பது சடங்கு. 2021 தேர்தலுக்கு தி.மு.க. பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாயும், அ.தி.மு.க. 15,000 ரூபாயும் கட்டணம் வாங்கின. நேர்காணலில் கேட்கப்படுவது பெரும்பாலும் இரண்டே விஷயம்: எவ்வளவு செலவு செய்ய முடியும், தொகுதியில் உங்கள் சமூகத்தின் பலம் என்ன. அதற்கு முன்பே கூட்டணிப் பங்கீட்டில் தொகுதி கைமாறிப் போயிருந்தால், பத்தாண்டு உழைத்தவரும் கூட்டணிக் கட்சி வேட்பாளருக்கு மாலை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எல்லை மறுவரையறை இன்னொரு இடி. 2008இல் வந்த மறுவரையறை, சட்டமன்றத்துக்கு 2011 தேர்தலில் அமலானது. பெரியகுளம் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியானதால் பன்னீர்செல்வம் போடிநாயக்கனூருக்குப் போனார். திருவாரூர் பொதுத் தொகுதியானதால் மு. கருணாநிதி கடைசி இரண்டு தேர்தல்களை அங்கே சந்தித்தார். 1957இல் குளித்தலையில் தொடங்கி, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று தொகுதி மாறி மாறி 13 முறையும் வென்றவர் அவர். ஆனால் அது தலைவர்களுக்குக் கட்டுப்படியாகிற வசதி. சாதாரண உறுப்பினருக்குத் தன் தொகுதி தனித் தொகுதியானால் அரசியல் அதோடு நின்றுவிடவும் கூடும்.

வேட்புமனு: மூன்று மணிக்குள்

வேட்பாளர் 25 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும்; கணக்கு மனு பரிசீலனை நாளன்று. மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். ஆனால் போட்டியிடும் தொகுதிக்கு வெளியே பெயர் இருந்தால் வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்ப வராது. ஒரு தொகுதிக்கு அதிகபட்சம் நான்கு மனுக்கள், அதிகபட்சம் இரண்டு தொகுதிகள்.

இந்த ‘இரண்டு தொகுதி’ விதியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2001இல் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனு தாக்கல் செய்தார். நான்கும் தள்ளுபடி. ஊழல் வழக்குத் தண்டனை ஒரு காரணம், இரண்டுக்கு மேல் தாக்கல் செய்தது இன்னொரு காரணம். கட்சி வென்று அவர் உறுப்பினராகாமலே முதல்வரானார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பதவியேற்பைச் செல்லாது என்றது. உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற விதி, உறுப்பினராகவே தகுதியிழந்தவருக்குப் பொருந்தாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரமற்ற கட்சிக்கும் பத்துப் பேர், அனைவரும் அதே தொகுதி வாக்காளர்கள். இந்தப் பத்து பேர்தான் சுயேச்சைகளின் பலவீனமான கண்ணி. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது, முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சொன்னதால். அனுபவம் உள்ளவர்கள் வெவ்வேறு பத்து பேரைக் கொண்டு இரண்டு மூன்று மனுக்கள் போடுவது இதற்காகத்தான்.

கட்சி வேட்பாளருக்கு உயிர்நாடி ‘ஏ’, ‘பி’ படிவங்கள். ‘ஏ’ என்பது கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்று கட்சி சொல்வது. ‘பி’ என்பது இன்னார்தான் எங்கள் வேட்பாளர், மனு தள்ளுபடியானால் இன்னார் மாற்று என்று அந்த அதிகாரம் பெற்றவர் சொல்வது. இரண்டும் மையில் போட்ட அசல் கையெழுத்தோடு, மனு தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில் இருக்க வேண்டும். நகல் செல்லாது. 3.05க்கு வந்தால் அவர் சின்னம் இல்லாத வேட்பாளர். பத்து பேர் முன்மொழிந்திருக்காவிட்டால் வேட்பாளரே இல்லை. யார் கையெழுத்து செல்லும் என்பதே சண்டையானால் என்ன ஆகும் என்பதை 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் காட்டியது. அ.தி.மு.க.வின் இரு அணிகளும் வேட்பாளரை அறிவிக்க, பொதுக்குழு முடிவெடுத்து அவைத்தலைவர் வழியாகத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் வழி சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு, சொத்து, கடன், நிலுவை வழக்குகள், அரசுக் குடியிருப்பு பாக்கி எல்லாம் இதில்தான். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்றாவது எழுத வேண்டும். காலிக் கட்டங்களை அலுவலர் சுட்டிக்காட்டியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியாக, அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்ற உறுதிமொழி. மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மேளதாளத்தோடு ஊர்வலமாக வந்து மனுவைக் கொடுத்துவிட்டு, உறுதிமொழி எடுக்காமலே பிரச்சாரத்துக்குக் கிளம்பிவிடுகிற ஆசாமிகள் உண்டு.

சின்னம் யாருடையதோ, உறுப்பினர் அவருடையவர்

2021இல் தி.மு.க. 133 இடங்களில் வென்றது என்பார்கள். இதில் தி.மு.க.வினர் 125 பேர். மற்ற எட்டு பேர் ம.தி.மு.க. 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1. இவர்கள் உதயசூரியனில் நின்றவர்கள். ‘பி’ படிவத்தில் தி.மு.க. வேட்பாளர் என்று எழுதி வென்றதால், பேரவைப் பதிவேட்டில் தி.மு.க. உறுப்பினர்கள். தி.மு.க. கொறடாவின் உத்தரவு இவர்களையும் கட்டும். அதே கூட்டணியில் பானைச் சின்னத்தில் ஆறு இடங்களில் நின்று நான்கில் வென்ற விடுதலைச் சிறுத்தைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பெரிய சின்னத்தில் நின்றால் வெற்றி வாய்ப்பு கூடும். தன் கட்சியின் அங்கீகாரத்துக்கான வாக்குக் கணக்கும், சபையில் தனிக் குரலும் போகும். சிறிய கட்சிகள் ஒவ்வொரு தேர்தலிலும் பங்கீட்டு மேசையில் எண்ணிக்கைக்குச் சமமாகச் சின்னத்துக்கும் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

செலவுக் கணக்கு

சட்டப்படி ஒரு சட்டமன்ற வேட்பாளரின் உச்சவரம்பு 2021 தேர்தலில் 30.8 லட்சம்; 2022 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களுக்கு 40 லட்சம். உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது ஊரறிந்த ரகசியம். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் பணப் பட்டுவாடா புகாரால் ரத்தானவை.

கணக்கு எழுதுவதற்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைப் பக்கம், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். பிரச்சார காலத்தில் மூன்று முறை செலவினப் பார்வையாளர் முன் காட்ட வேண்டும். வேட்பாளரின் செலவைத் தாங்களே பார்த்து எழுதும் நிழல் பதிவேடு ஒன்று பார்வையாளர் தரப்பில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். தலைவர் வந்த கூட்டத்தில் வேட்பாளர் மேடையேறினால் அந்தக் கூட்டச் செலவில் பங்கு அவர் தலையில். மேடையில் ஐந்து வேட்பாளர் நின்றால் ஐந்தாகப் பிரியும் என்பதால்தான் மண்டலப் பொதுக்கூட்டங்களில் அத்தனை பேரையும் ஒரே மேடையில் ஏற்றுகிறார்கள்.

முடிவு வந்த 30 நாளுக்குள் இறுதிக் கணக்கு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் போக வேண்டும். தவறினால் மூன்றாண்டு வரை தகுதி நீக்கம். வென்றவருக்கு இதைப் பார்க்க ஆள் இருக்கும். தோற்றவர்தான் மனம் வெறுத்துப் போய் மறந்துவிடுவார். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் நினைவு வரும்.

தொகுதிக்காரராக

பேரவை உறுப்பினர் வேலையில் மக்கள் கண்ணில் படுவது தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பெரிய தொகையாகத் தோன்றும். 60 ஊராட்சிகள் உள்ள கிராமப்புறத் தொகுதியில் சமமாகப் பிரித்தால் ஊராட்சிக்கு ஐந்து லட்சம், ஒரு சிறிய தெருவுக்குக் கான்கிரீட் போட்டால் தீர்ந்துவிடும். பேரூராட்சிகளையும் சேர்த்தால் இன்னும் குறையும்.

பணம் எம்.எல்.ஏ. கைக்கு வராது. அவர் பணியைப் பரிந்துரைப்பார். ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடுவார். ஆட்சியர் நிர்வாக அனுமதி கொடுப்பார். பிறகு ஒப்பந்தப்புள்ளி, வேலை, அளவுப் புத்தகத்தில் பதிவு, பில். தனியார் இடம், வழிபாட்டுத் தலம் இவற்றுக்குச் செலவிட முடியாது. இதில் சிக்குவது அனேகமாக நிலம். சமுதாயக் கூடம் கட்ட ஊர்க்காரர்கள் காட்டும் இடம் யாரோ ஒருவரின் பட்டாவில் இருக்கும். தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்கு மாற்றித் தராதவரை கோப்பு நகராது. நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அங்கேயே முடிந்தது. அடுத்த சிக்கல் பராமரிப்பு. உயர்கோபுர மின்விளக்கு, குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றை நிதியில் அமைத்துவிடலாம். மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் உள்ளாட்சியின் தலையில். அதனால் ஊராட்சித் தலைவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் திறப்பு விழாவுக்குப் பிறகு விளக்கு எரிகிறதா என்பது வேறு கதை.

காலக் கணக்கும் முக்கியம். தேர்தல் நடக்கும் ஆண்டில் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில் நடத்தை விதிகள் வந்துவிடும். 2021இல் பிப்ரவரி 26. அதற்கு முன் களத்தில் தொடங்காத பணி நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சாலை வேலை நடக்காது. ஆகவே ஐந்தாவது ஆண்டுப் பரிந்துரைகள் ஜூன், ஜூலைக்குள் ஆட்சியர் அலுவலகம் போய்ச் சேர்ந்தால்தான் கல்வெட்டில் பெயர் வரும்.

உண்மையில் தொகுதியை மாற்றுவது இந்த நிதி அல்ல. மேம்பாலம், கலைக் கல்லூரி, தாலுகா மருத்துவமனை தரம் உயர்வு, கூட்டுக் குடிநீர்த் திட்டம் எல்லாம் துறை நிதியில் வருபவை. அவற்றுக்கு அமைச்சரின் நெருக்கமும், மானியக் கோரிக்கை (துறைவாரி பட்ஜெட்) அறிவிப்புகளில் ஒரு வரி இடம்பிடிக்கும் சாமர்த்தியமும் வேண்டும். 2022இல் அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலின் எல்லாக் கட்சி உறுப்பினர்களையும் தத்தம் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளை எழுதித் தரச் சொன்னார். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு அது நல்ல ஆயுதம்: நிறைவேறினால் பெயர் அவருக்கு, நிறைவேறாவிட்டால் பட்டியலே சாட்சி.

சபைக்குள் ஒரு புதிய உறுப்பினருக்குப் பேச வாய்ப்புக் கிடைப்பது கொறடா தரும் பட்டியலைப் பொறுத்தது. கேள்வி நேரத்தில் ஒரு துணைக் கேள்வி, மானியக் கோரிக்கையில் சில நிமிடம், அவ்வளவே. ஆனால் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு ஆகியவற்றில் கோப்புகளைப் படிப்பவர்தான் பின்னாளில் அமைச்சராகும்போது செயலாளர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல் இருக்கிறார். அமைச்சரவை 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் முதல்வரையும் சேர்த்து 35 இடம். மற்ற எல்லோருக்கும் குழுக்களே பள்ளிக்கூடம்.

பதவி பறிபோகும் வழிகள்

அனுமதியின்றி 60 நாள் வராவிட்டால் இடம் காலி என்று அறிவிக்கலாம் என்கிறது அரசியலமைப்பு. நான்கு நாளுக்கு மேல் சபை ஒத்திவைக்கப்பட்ட காலம் அந்த 60இல் சேராது என்பதால், சபை கூடும் நாட்கள் குறைவாக உள்ள இடத்தில் இந்த விதி வெறும் பூச்சாண்டி.

நிஜமான கத்தி குற்றத்தீர்ப்பு. இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை என்றால், 2013 ஜூலையில் வந்த லில்லி தாமஸ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, அன்றே பதவி போகும். விடுதலையான நாளிலிருந்து மேலும் ஆறு ஆண்டு போட்டியிட முடியாது. ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சிலவற்றில் அபராதம் மட்டும் விதித்தாலும் தகுதி நீக்கம்தான். மேல்முறையீட்டில் வழக்கமாகக் கிடைப்பது தண்டனை நிறுத்திவைப்பு. அது சிறைக்குப் போவதைத்தான் தடுக்கும். பதவி தப்ப வேண்டுமானால் குற்றத்தீர்ப்பையே நிறுத்திவைக்க வேண்டும். அதை நீதிமன்றங்கள் அரிதாகவே தருகின்றன. 2019 ஜனவரியில் ஒசூர் உறுப்பினரும் அமைச்சருமான பாலகிருஷ்ண ரெட்டி 1998ஆம் ஆண்டுக் கல்வீச்சு வழக்கில் மூன்றாண்டு தண்டனை பெற்று, குற்றத்தீர்ப்புக்குத் தடை கிடைக்காமல் பதவியிழந்தார். 2023 டிசம்பரில் தண்டனை பெற்ற க. பொன்முடிக்கு 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைக் கொடுத்தது. காலி என்று அறிவிக்கப்பட்டிருந்த திருக்கோவிலூர் அவருக்கே திரும்பியது.

இன்னொன்று கட்சித் தாவல். ‘தானாக உறுப்பினர் பதவியைக் கைவிடுதல்’ என்பதற்கு ராஜினாமாக் கடிதம் வேண்டியதில்லை, நடத்தையே போதும். 2017இல் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் முதல்வருக்கு ஆதரவு இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். 18 பேரைச் செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இரு விதமாகச் சொல்ல, அக்டோபரில் மூன்றாவது நீதிபதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல், மே மாதங்களில். ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்று சட்டம் சொன்னாலும், வழக்கு நடந்ததால் அந்த 18 தொகுதிகளுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் உறுப்பினர் இல்லை. அதே 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசை எதிர்த்து வாக்களித்த பன்னீர்செல்வம் அணியின் 11 பேருக்கு எதுவும் ஆகவில்லை, அதற்குள் பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இணைந்துவிட்டன. முடிவெடுப்பவர் பேரவைத் தலைவர், அவர் ஆளும் கட்சிக்காரர் என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஆனால் தாவல் நீக்கம் அரசியல் மரணம் அல்ல. அது மறுபடி போட்டியிடத் தடை விதிக்காது. மீண்டும் ஜெயிக்கும் வரை அமைச்சராக முடியாது, அவ்வளவுதான். அந்த 18 பேரில் ஒருவரான செந்தில் பாலாஜி தி.மு.க.வில் சேர்ந்து 2019இல் அதே அரவக்குறிச்சியில் வென்றார். தினகரன் தொடங்கிய அ.ம.மு.க.வில் தங்கி நின்ற எவரும் அந்த இடைத்தேர்தல்களில் வெல்லவில்லை.

வென்ற வெற்றியே வழக்கில் மாட்டுவதும் உண்டு. தேர்தல் மனுவை 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். 2016இல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்கில் வென்றார். தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகளை ஒதுக்கியது தவறு என்று தோற்ற தி.மு.க. வேட்பாளர் மு. அப்பாவு வழக்குப் போட்டார். மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்தது 2019 அக்டோபரில். எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இன்பதுரை முழுத் தவணையையும் முடித்தார். 2021இல் அப்பாவு அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவரானார். வாக்கு எண்ணும் மையத்தில் தபால் ஓட்டு மேசைக்கு அனுபவம் இல்லாத முகவரை உட்கார வைக்கும் கட்சிக்காரர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்கலாம்.

தவணைக்குப் பிறகு

தோற்றவருக்கு ஓய்வூதியம் உண்டு. 2017இல் 55,000லிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்த மாதச் சம்பளம் நின்றுவிடும். கார் நிற்காது, கடன் நிற்கும். கட்சிப் பொறுப்பு கையில் இருப்பவரைத் தேடி மனுக்கள் வந்துகொண்டே இருக்கும். ஒன்றியச் செயலாளர்கள் பணி நியமனம், நிர்வாகிகள் பட்டியல் என்று வாசலில் நிற்பார்கள். பொறுப்பு இல்லாமல் எம்.எல்.ஏ.வாக மட்டும் இருந்தவர் வீட்டுக்கு ஆறு மாதத்தில் ஆள் வரத்து நின்றுவிடும். மூத்த அரசியல்வாதிகள் எம்.எல்.ஏ. சீட்டைவிட மாவட்டச் செயலாளர் பதவிக்குக் கடுமையாகச் சண்டை போடுவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சட்டமன்ற உறுப்பினர் விடுதி அறையைக் காலி செய்யும்போது வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்றிதழை அப்போதே வாங்கி வைப்பது நல்லது. கடந்த பத்தாண்டில் இருந்த அரசுக் குடியிருப்புகளுக்கெல்லாம் அடுத்த படிவம் 26 அதைக் கேட்கும். மனு தாக்கலின் கடைசி வாரத்தில் அலைந்தால் கிடைக்காது.